வீட்டில் நிறம் கூடினால் காயலான் கடை ஆகிவிடுமா?

பிப்ரவரி 6

கேள்வி இது: “பழைய பொருள் சந்தையில் பார்க்கும்போது எல்லாமே அழகாக இருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து வைத்தால் காயலான் கடை மாதிரி ஆகிவிடுகிறது. நீலச் சாடி, மஞ்சள் தகர டப்பா, பூப்போட்ட தட்டுகள், யாரோ கையால் பின்னிய பலநிறப் போர்வை. நிறத்தைக் குறைத்தால்தான் உருப்படும் என்கிறாள் தங்கை. இரண்டு நிறத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதைக் கொடுத்துவிடவா?”

கொடுக்காதீர்கள். முதலில் அந்த அலமாரியைச் செல்போனில் ஒரு படம் எடுங்கள். அதைக் கறுப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். நீலச் சாடி கிட்டத்தட்டக் கறுப்பாகத் தெரியும். மஞ்சள் டப்பா வெளுத்துப் போயிருக்கும். நடுவில் ஒரு வெள்ளைக் கிண்ணம், அதன் பக்கத்தில் மறுபடி ஒரு கருப்பு. கண் அங்கே இங்கே குதித்துக்கொண்டே இருக்கிறதல்லவா, அதுதான் உங்கள் காயலான் கடை. எத்தனை நிறம் என்பதைவிட, எது அடர்த்தி, எது வெளிச்சம், அவை எப்படிச் சிதறிக் கிடக்கின்றன என்பதுதான் கண்ணைக் களைப்பாக்குகிறது.

அடர்ந்ததை எல்லாம் ஒரு பக்கம் கூட்டுங்கள். நீலம், கரும்பச்சை, பழுப்பு, மூன்றும் ஒன்றாக இருக்கட்டும். மஞ்சளும் வெள்ளையும் வெளிர் ரோஜாவும் இன்னொரு பக்கம். ஒரு பொருளும் வெளியே போக வேண்டாம். தங்கைக்கு இந்தப் பக்கத்தைக் காட்டிவிடாதீர்கள்.

பிப்ரவரி 7

செல்போன் ‘ஃபில்டர்’ போட்டால் எல்லாமே கறுப்பாகத் தெரிகிறது என்று ஒருவர். சில ஃபில்டர்கள் நாடகத்தன்மைக்காகக் கறுப்பை இன்னும் கறுப்பாக்கும். ஃபில்டரை விட்டுவிட்டு, திருத்தும் பகுதியில் நிறச் செறிவை (‘சாச்சுரேஷன்’) நிறமே இல்லாமல் போகும்வரை முழுசாகக் குறையுங்கள். பகல் வெளிச்சத்தில், ஃப்ளாஷ் இல்லாமல் எடுங்கள்.

பிப்ரவரி 19

“பச்சைச் சுவர் முன்னால் வைத்ததும் என் சிவப்பு மண்சாடி கத்துகிறது, கடையில் அமைதியாகத்தான் இருந்தது” என்று வந்த குறிப்புக்கு.

இது பழைய சங்கதி. பாரிசில் கோப்லான் என்ற அரச நெசவுக்கூடம். அங்கே சாயப் பிரிவுக்கு 1824-இல் ஷெவ்ரல் என்ற வேதியியலாளர் பொறுப்பேற்றார். கறுப்பு நூல் மங்கலாக இருக்கிறது, சாயம் சரியில்லை என்று புகார். மற்ற இடங்களின் கறுப்புக் கம்பளி நூலோடு ஒப்பிட்டுப் பார்த்தார். சாயத்தில் ஒரு குறையும் இல்லை. நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் நெய்ததால் கறுப்பு வலுவிழந்து தெரிந்தது, அவ்வளவுதான். பக்கத்துப் பக்கத்து நிறங்கள் ஒன்றையொன்று மாற்றிக் காட்டும் என்பதை 1839-இல் விரிவாக எழுதி வெளியிட்டார். மனிதர் 102 வயது வரை இருந்தார் என்பது உபரித் தகவல்.

ஆகவே சிவப்புச் சாடி அதே சாடிதான். நிறச் சக்கரத்தில் சிவப்பும் பச்சையும் எதிரெதிர், அருகருகே வந்தால் இரண்டும் ஏறும். கத்தல் வேண்டாமென்றால் சாடிக்குப் பின்னால் ஒரு மரப்பலகையோ சாயம் போடாத பருத்தித் துணியோ வையுங்கள். கத்தல் பிடிக்குமென்றால் அப்படியே விடுங்கள். எனக்குப் பிடிக்கும்.

இதிலிருந்து கடைக்குப் போகும்போது ஒரு பழக்கம்: வீட்டுச் சுவரின் நிறத்தில் ஒரு அட்டைத் துண்டு, சோபாத் துணியில் ஒரு சின்ன வெட்டு. பையில் போட்டுக்கொண்டு போவேன். பொருளை அதன் மேல் வைத்துப் பார்த்த பிறகுதான் பேரம். கடைக்காரர்கள் நம்மைத் தையற்காரர் என்று நினைத்துக்கொள்வார்கள், நினைக்கட்டும்.

மார்ச் 2

இப்போது வாங்கும் விஷயம். எல்லோரும் அழகுபடுத்துவதைப் பற்றியே கேட்கிறீர்கள், எனக்கோ தேடுவதில்தான் ருசி.

முன்பக்கம் விற்பதற்காக இருப்பது. கவிழ்த்துப் பாருங்கள். பீங்கானென்றால் அடியில் முத்திரை இருக்கலாம். அமெரிக்காவுக்கு வரும் பொருள்கள் எந்த நாட்டில் செய்தவை என்று குறிக்க வேண்டும் என 1891 முதல் அங்கே சட்டம் வந்தது. அதனால் நாட்டின் பெயர் இருந்தால் பெரும்பாலும் அதற்குப் பிந்தையது என்று வைத்துக்கொள்ளலாம். ‘ஆக்கிரமிக்கப்பட்ட ஜப்பான்’ என்று அச்சிட்டிருந்தால் 1945-க்கும் 1952-க்கும் இடையில் செய்தது. சின்னச் சின்ன பீங்கான் பொம்மைகளில் இதை நிறையப் பார்க்கலாம். போலி முத்திரைகளும் உண்டு. முத்திரை மெருகுக்கு (பீங்கான்மேல் கண்ணாடி மாதிரிப் பளபளக்கும் பூச்சு) மேலே ஒட்டிக்கொண்டு, நகத்தால் சுரண்டினால் வருகிறதென்றால் கீழே வைத்துவிடுங்கள்.

மர மேசை என்றால் இழுப்பறையை முழுசாக வெளியே எடுங்கள். எடுக்கக் கூடாது என்று கடைக்காரர் சொன்னால் அதுவே ஒரு பதில்தான். பக்கமும் முகப்பும் சேரும் மூலையில் புறாவின் வால் மாதிரி விரிந்த பற்கள் இருக்கும். பற்கள் ஒரே அளவில் இல்லாமல், ஓரத்தில் உளிக்கு வழிகாட்டக் கீறிய மெல்லிய கோடும் தெரிந்தால் கைவேலை. எல்லாப் பல்லும் அச்சில் வார்த்த மாதிரி ஒரே அளவென்றால் இயந்திரம். பல்லுக்குப் பதில் அரைவட்டமும் அதன் நடுவில் ஒரு முளையுமாக இருந்தால் அது வேறு வகை. அமெரிக்காவில் 1867-இல் காப்புரிமை பெற்ற ஒரு இயந்திரத்தின் வேலை, 1900 வாக்கில் வழக்கொழிந்துவிட்டது. ஸ்க்ரூவையும் பாருங்கள். தலையில் கூட்டல் குறி உள்ள ஸ்க்ரூ 1930-களின் நடுவில்தான் புழக்கத்துக்கு வந்தது. நூற்றைம்பது வருஷத்து மேசை என்று சொல்லி அந்த ஸ்க்ரூவைக் காட்டினால், ஒன்று பிற்பாடு பழுது பார்த்திருக்கிறார்கள், இல்லை கதை விடுகிறார்கள்.

துணியிலும் இதேதான். எம்பிராய்டரியைத் திருப்பினால் நூல் ஒரு பூவிலிருந்து இன்னொரு பூவுக்குத் தாவியிருக்கும், முடிச்சு இருக்கும், ஒரு இடத்தில் நூல் தீர்ந்து புதிது தொடங்கியிருக்கும். பின்பக்கம் முழுக்க வெள்ளை நூலும், அதற்கடியில் காகிதம் மாதிரி ஒரு படலமும் இருந்தால் இயந்திரத் தையல். கெட்டது என்று சொல்லவில்லை. கைவேலை விலை கொடுக்க வேண்டாம் என்கிறேன்.

குரோஷே, அதாவது ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னுவது, மட்டும் விதிவிலக்கு. அதைப் பின்னி ஆலையில் குவிக்கும் இயந்திரம் இன்னும் வரவில்லை. ஆராய்ச்சிக்கூட முன்மாதிரிகளோடு நிற்கிறது. குரோஷே மாதிரியே தோன்றும் பின்னல் துணி ஆலையில் வரும், அது வேறு. நிஜக் குரோஷே என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் ஒரு மனிதரின் விரல் அதில் இருக்கிறது.

மார்ச் 3

மேலே எழுதியதைப் படித்துவிட்டு “இப்படி ஒவ்வொன்றையும் கவிழ்த்துப் பார்த்தால் சந்தை முடிந்துவிடுமே” என்று கேட்டிருக்கிறார்கள். முடியட்டும். சாமான் குறைவாக வாங்குவீர்கள்.

மார்ச் 21

கேள்வி கேட்டவருடைய பலநிறப் போர்வையைப் பற்றி எழுதவே இல்லை. படம் போட்டிருந்தார். சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்தது. என்னிடமும் அப்படி ஒன்று உண்டு, பழைய துணி மூட்டையில் கிடந்தது. மிச்சம் மீதி நூலில் செய்தது என்பது கிட்டப் பார்த்தால் தெரியும். ஒரு சதுரத்தில் மூன்றாம் சுற்றின் பாதியில் பச்சை தீர்ந்திருக்கிறது. பின்னியவர் வேறொரு பச்சையைத் தொடர்ந்திருக்கிறார், ஒரு பிடி மஞ்சள் கலந்த பச்சை. மாற்றிய இடத்தில் நூல்முனை அடுத்த நான்கு தையலுக்கு உள்ளே ஓடி மறைகிறது. இழுத்துப் பார்த்தேன், அசையவில்லை. அவிழ்த்து நிறத்தைச் சரிசெய்திருக்கலாம், செய்யவில்லை. அந்த ஒரு சதுரத்துக்காகத்தான் வாங்கினேன்.

இன்னொன்றையும் கவனியுங்கள். இந்த மாதிரிப் போர்வைகளில் ஒவ்வொரு சதுரத்துக்கும் கறுப்பு நூலில் கரை கட்டுவது வழக்கம். எத்தனை நிறம் உள்ளே போனாலும் போர்வை சிதறாமல் நிற்கக் காரணம் அந்தக் கறுப்புதான். ஷெவ்ரலின் கறுப்பு நூல் கதையோடு சேர்த்து யோசியுங்கள். கறுப்புக்குள் அடைபட்டதும் நிறங்கள் இன்னும் பளிச்சென்று தெரியும். அலமாரிக்கும் இதையே செய்யலாம். பின்பலகைக்கு மட்டும் அடர்ந்த நிறம், கரும்நீலமோ கரியோ. முன்னால் என்ன வைத்தாலும் ஒரு குடும்பம்.

ஏப்ரல் 4

“பின்பலகையில் கறுப்படித்தால் அறை சின்னதாகத் தெரியாதா?” அறை முழுக்க அடித்தால் தெரியும். ஒரு அலமாரியின் உட்புறத்துக்கு ஒன்றும் ஆகாது. அடிக்கும் முன் கறுப்புச் சார்ட் தாளை வெட்டி வைத்துச் சில நாள் பாருங்கள்.

ஏப்ரல் 15

இது கொஞ்சம் கண்டிப்பான குறிப்பு.

பளபளக்கும் ஆரஞ்சு, சிவப்பு, மஞ்சள் மெருகுள்ள பழைய பாத்திரங்களில் சாப்பிடாதீர்கள். அழகுக்கு வையுங்கள். காட்மியம், ஈயம் கலந்த மெருகுகள் நெடுங்காலம் புழக்கத்தில் இருந்தவை. புளிப்பான எதையும் அதில் வைத்தால் ஈயம் கரைந்து வரும். அமெரிக்காவில் 1936-இல் வந்த ‘ஃபியஸ்டா’ பீங்கானின் ஆரஞ்சுச் சிவப்புக்கு யுரேனியம் ஆக்ஸைடுதான் சேர்த்தார்கள். போர்க்காலத்தில் அரசாங்கத்துக்கு யுரேனியம் தேவைப்பட்டதால் 1943-இல் அந்த நிறம் நின்றது, 1959-இல் திரும்ப வந்து 1972 வரை ஓடியது. அலமாரியில் இருந்தால் பயப்பட வேண்டியதில்லை, தட்டாக வேண்டாம்.

யுரேனியக் கண்ணாடி என்று வெளிர் மஞ்சள் பச்சையில் கிண்ணங்கள் கிடைக்கும். புறஊதா டார்ச் அடித்தால் பச்சையாக ஒளிரும். சின்ன டார்ச் ஒன்றைப் பையில் போட்டுக்கொண்டு போகிறவர்களைச் சந்தையில் பார்த்திருக்கிறேன். மூலை இருட்டில் குந்தி உட்கார்ந்து ஒவ்வொரு கிண்ணமாக அடித்துப் பார்ப்பார்கள். மாங்கனீசு கலந்த பழைய கண்ணாடியும் மங்கலாகப் பச்சை காட்டும், அதை யுரேனியம் என்று சொல்லி விற்பார்கள். யுரேனியத்தின் ஒளி சந்தேகத்துக்கு இடமில்லாமல் பளிச்சென்று இருக்கும்.

பெயிண்ட் உரிந்த மரச்சாமான் இன்னும் மோசம். வீடுகளுக்கான ஈயப் பெயிண்டை அமெரிக்கா தடை செய்தது 1978-இல். பல நாடுகளில் அதற்குப் பிறகும் விற்றார்கள். உரிந்து நிற்கும் பழைய பச்சை, ‘ஐயோ என்ன அழகு’ என்று படுக்கையறையில் வைப்போம். குழந்தை நகத்தால் சுரண்டி வாயில் வைக்கும். உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்கவே கூடாது, தூள்தான் ஆபத்து. அழகு போகாமல் வேண்டுமென்றால் உதிரும் செதிலை ஈரத்துணியால் எடுத்துவிட்டு மேலே நிறமற்ற வார்னிஷ் பூசுங்கள். அப்போதும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.

கடைசியாகப் பச்சைத் துணி அட்டை போட்ட பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புத்தகங்கள். நிறத்துக்காக அடுக்கி வைக்க வாங்குகிறவர்கள் உண்டு. அந்தப் பளீர்ப் பச்சையில் சிலவற்றுக்கு ஆர்சனிக் சேர்ந்த நிறமி. அமெரிக்காவில் டெலாவேர் மாநிலத்து விண்டர்தூர் அருங்காட்சியகம் இப்படிப்பட்ட புத்தகங்களைக் கண்டுபிடித்துப் பட்டியலிடவே ஒரு திட்டம் நடத்துகிறது. சந்தேகம் வந்தால் வெறும் கையால் தொடாதீர்கள், உறையில் போட்டு வையுங்கள்.

ஏப்ரல் 16

நேற்றுப் படித்துவிட்டு இரண்டு பேர் தூக்கம் வரவில்லை என்கிறார்கள். பழையதெல்லாம் விஷமில்லை. நீலம், வெள்ளை, பழுப்பு எல்லாம் சுத்தம் என்றும் அர்த்தமில்லை, ஈயம் எந்த நிற மெருகிலும் இருக்கலாம். எளிய வழி ஒன்றுதான்: பழைய பாத்திரம் பார்ப்பதற்கு, சாப்பிடுவதற்குப் புதியது.

மே 9

பூச்சி. யாரும் கேட்கவில்லை, கேட்டிருக்க வேண்டும்.

துணிச்சாமானை நேராகப் படுக்கையறைக்குக் கொண்டுபோகாதீர்கள். பிளாஸ்டிக் பையில் இறுக்கிக் கட்டி வையுங்கள். துவைக்கத் தாங்குமென்றால் 60 டிகிரி சூட்டில் துவையுங்கள். தாங்காதென்றால் உறைபெட்டியில், மைனஸ் 18 டிகிரியில் நான்கு நாள். மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் போய்விடும். பெட்டியின் குளிர் உண்மையிலேயே அவ்வளவு இருக்கிறதா என்று ஒரு வெப்பமானி வைத்துப் பாருங்கள், பல வீட்டுப் பெட்டிகள் அதைத் தொடுவதில்லை.

மரத்தில் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் அளவில் குத்திய மாதிரி ஓட்டைகள் தெரிந்தால் உளுத்திருக்கிறது. ஓட்டை பழசா, புழு இன்னும் உள்ளே இருக்கிறதா என்பதுதான் கேள்வி. அடியில் ஒரு கறுப்புத் தாள் விரித்துச் சில வாரம் விட்டுவையுங்கள். மாவு மாதிரித் தூள் விழுந்தால் உயிரோடு இருக்கிறது. புழு மரத்துக்குள்ளேயே சில வருஷங்கள் இருந்து தின்னும், ஆகவே ஒரு மாதம் தூள் விழவில்லை என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம். நிறம் அடித்து ஓட்டையை மூடி விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அதனால் அடிப்பக்கம், மறுபடியும் அடிப்பக்கம்.

மே 11

“வெயிலில் போட்டால் பூச்சி போய்விடாதா” என்றார் ஒருவர். சூடு ஏறினால் ஓடும், மடிப்புக்குள் சூடு போகாது. நிறம்தான் முதலில் போகும். பழைய துணிக்கு அருங்காட்சியகங்கள் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சத்தைத்தான் அளவாக வைக்கின்றன. உச்சி வெயில் 1,00,000 லக்ஸைத் தொடும். பெர்கின் என்கிற 18 வயதுப் பையன் 1856-இல் ஊதாச் சாயத்தைக் கண்டுபிடித்த பிறகு செயற்கைச் சாயங்கள் குவிந்தன, அந்தத் தொடக்க காலத்துச் சாயங்களில் பல வெளிச்சத்துக்குத் தாங்காதவை. பழைய துணி வாங்கும்போது மடித்துத் தைத்த ஓரத்தைக் கொஞ்சம் பிரித்துப் பாருங்கள். உள்ளே இருப்பதுதான் அசல் நிறம். சில சமயம் வெளுத்ததே நன்றாக இருக்கும்.

அப்புறம், ஈரமான வெள்ளைத் துணியால் ஓரத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். சாயம் ஒட்டினால் மற்றத் துணிகளோடு துவைக்காதீர்கள், வெளிர் சோபாவில் போடாதீர்கள்.

ஜூன் 23

பழைய மரநாற்காலிக்கு நிறம் அடிப்பது பாவமா என்று பெரிய சண்டை நடந்திருக்கிறது, நான் ஊரில் இல்லாத நேரம். என் கட்சி: கைவேலை இணைப்பும் நல்ல மர ரேகையும் இருந்தால் அடிக்காதே. சாதாரணப் பலகை, ஏற்கெனவே யாரோ இரண்டு முறை அடித்தது, ஒட்டுப்பலகை என்றால் தாராளமாக அடி. நாலு காலில் ஒரு காலை மட்டும் ஆரஞ்சாக்கியவர் படத்தை இன்னொரு முறை போடுங்கள், இரண்டு தடவை பார்த்தும் போதவில்லை.

ஜூலை 12

முதல் குறிப்பில் சொன்ன கறுப்பு வெள்ளைப் படம் பூப்போட்ட துணிகளுக்குப் போதவில்லை என்று இருவர் எழுதினார்கள். சரிதான். அங்கே நிறத்தைவிடப் பூவின் அளவு தகராறு செய்கிறது. உள்ளங்கை அளவுப் பூ, அதே அளவுக் கட்டம், அதே அளவு மாங்காய் உரு, மூன்றும் ஒரே சோபாவில் உட்கார்ந்தால் எதைப் பார்ப்பது என்று தெரியாது. பெரிய பூ ஒன்று, விரல்நகம் அளவு புள்ளி ஒன்று, மெல்லிய கோடு ஒன்று என்று அளவை மாற்றினால் நிறம் எதுவானாலும் பிழைத்துக்கொள்ளும். மூன்றிலும் பொதுவாக ஒரு நிறம் எங்கேயாவது ஒரு இழையாவது ஓடினால் போதும்.

இதைப் பாடமாகப் படிக்காமலே செய்தவர்கள் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில் கறுப்பினப் பெண்கள் கிழிந்த வேலை உடுப்புகளையும் ஜீன்ஸ் துணியையும் ஒட்டுப்போட்டுப் போர்வை தைத்தார்கள். முட்டி தேய்ந்த இடம், பாக்கெட் பிய்த்த இடத்தில் வெளுக்காத நீலம், எல்லாம் அப்படியே தெரியும். 2002-இல் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் சுவரில் தொங்கின. அவற்றின் படங்களைத் தேடிப் பாருங்கள். கோடுகள் நேராக இல்லை, நிறம் எண்ணிக்கையில் குறைவில்லை, ஆனால் அடர்ந்ததும் வெளிர்ந்ததும் பெரிய பெரிய கட்டிகளாக நிற்கின்றன. பிப்ரவரியில் அலமாரிக்குச் சொன்னதும் அதுதான்.

போர்வையைச் சுவரில் தொங்கவிட ஆசைப்படுகிறவர்கள் மூலைக்கு ஒரு ஆணி அடிக்காதீர்கள். மூலை இழுபட்டுக் கிழியும். மேல் ஓரத்தின் பின்பக்கம் முழு நீளத்துக்கும் துணியில் ஒரு குழாய் தைத்து, அதற்குள் மரக்கழியைச் செருகித் தொங்கவிட்டால் எடை பரவிவிடும்.

ஜூலை 13

விளக்கு பற்றி ஒரு வரி. எல்இடி வாங்கும்போது சிஆர்ஐ என்ற எண், அதாவது அந்த வெளிச்சத்தில் நிறங்கள் எவ்வளவு அசலாகத் தெரியும் என்று சொல்வது, 90-க்கு மேல் இருக்கிறதா பாருங்கள். 80-ஐ ஒட்டியிருந்தால் சிவப்புகள் செத்துப்போய்ப் பழுப்பாகத் தெரியும். நிறத்துக்காக இவ்வளவு அலைந்துவிட்டு விளக்கில் மிச்சம் பிடிக்காதீர்கள்.

ஆகஸ்ட் 30

கேள்வி கேட்டவர் புதுப் படம் போட்டிருக்கிறார். பின்பலகை கரும்நீலம். மஞ்சள் டப்பாவும் வெள்ளைக் கிண்ணமும் மேல்தட்டில், நீலச் சாடி பழுப்பு மண்பானையோடு கீழே. போர்வை நாற்காலிமேல். ஒன்றையும் கொடுக்கவில்லை, மூன்று புதிதாகச் சேர்ந்திருக்கின்றன என்பதை நான் எண்ணிவிட்டேன். தங்கை அந்த நீலச் சாடியைத் தனக்குக் கேட்கிறாளாம்.

பூப்போட்ட தட்டுகள் மட்டும் இன்னும் பெட்டியில்தான் இருக்கின்றன, சுவரில் மாட்டப் பயம் என்கிறார். கம்பிச் சுருள் வைத்த கொக்கிகள் விளிம்பைக் கவ்வும், மெருகு சில்லுப்பெயரும். தட்டின் பின்னால் ஒட்டும் வட்டத் துணிக் கொக்கிகள் கிடைக்கின்றன. நனைத்து, பசை இளகியதும் ஒட்டி, ஒரு இரவு காயவிட வேண்டும். பிறகு தட்டின் எடையைப் போல இரண்டு மடங்கு எடையைக் கொக்கியில் கட்டிக் கீழே மெத்தை போட்டுச் சோதியுங்கள். தாங்கினால் மாட்டுங்கள். தட்டுக் கூட்டத்தின் நடுப்புள்ளி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கட்டும். சோபாவுக்கு மேலே என்றால் இன்னும் கொஞ்சம் ஏற்றுங்கள், சாயும் தலை படக் கூடாது. முதலில் தரையில் அடுக்கிப் பார்த்துவிட்டு மாட்டுங்கள், அந்தப் படத்தையும் போடுங்கள்.